அடக்கி வாசித்தல்

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா நான் யோசிச்சுக்கொண்டு இருக்கேக்கை ஏன் பாட்டைப் போட்டு விட்டனீங்கள்?"

கேட்டவருக்கு எண்பது வயதுக்கு மேல். ஸ்காபுறோவில் மகளோடு இருக்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் ஒருவர். முதியவர்கள் சொல்வதை அவர்களுடைய குரலிலேயே பதிந்து வைப்போம் என்று தெரிந்தவர்கள் சிலர் சின்னதாக ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கணினியில் ஒலியை வெட்டி ஒட்டத் தெரிந்தவன் என்பதால் நானும் அதில் சேர்க்கப்பட்டேன். அவருடைய சமையலறை மேசையில் மைக்கை வைத்து இரண்டு பின்னேரங்கள் பதிந்தேன். அதை நாற்பது நிமிடமாகச் சுருக்கி, பின்னணியில் ஒரு வீணையைப் பரப்பி, மகளின் கைபேசிக்கு அனுப்பிய பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது.

அவருக்கு விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இடையில் நான் எந்தப் பாட்டையும் போடவில்லை. வீணை தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவர் பேசும்போது தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். இது எல்லாரும் செய்வது அம்மா என்று சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாகச் சொல்லவில்லை. அன்றிரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் குறிப்பிட்ட இடத்தைத் தேடிக் கேட்டேன்.

"நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்திட்டம். சரியான மழை. அப்புவைச் சைக்கிள் கரியரிலை இருத்திப் பிடிச்சுக்கொண்டு வாறன்." அதன் பிறகு ஐந்து செக்கன் பேச்சில்லை. பிறகு, "அப்பு கதைக்கேல்லை."

அந்த ஐந்து செக்கனுக்குள் என் வீணை எழும்பி நிற்கிறது. வழுவழுப்பாக ஏறி, தன் முழு உயரத்துக்கு வந்து, 'அப்பு' என்ற சொல்லுக்குச் சற்று முன்பாகவே தலையைக் குனிந்துவிடுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. அந்த அம்மா சொன்னதுதான் சரி. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாட்டுப் போட்டிருக்கிறேன்.

ஒலிக்கலவை செய்பவர்கள் இதை டக்கிங் என்பார்கள். மேலே ஏதோ பறந்து வரும்போது தலையைக் குனிந்துகொள்வோமே, அந்தக் குனிதல்தான். குரல் வரும்போது இசை குனிகிறது, குரல் போனதும் நிமிர்கிறது. ஒரு காலத்தில் இதைக் கையால் செய்தார்கள். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க அறிவிப்பாளர் பேசுவார். பாடகர் வாய் திறப்பதற்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் முடித்துக்கொள்வார். அங்கே விரல் இருந்தது, பாட்டை முன்பே நூறு தடவை கேட்ட காது இருந்தது. இன்று அந்த வேலையை மென்பொருள் செய்கிறது.

நான் பயன்படுத்தியது ஒடாசிற்றி. இலவசம், எங்களைப் போன்றவர்களில் பெரும்பாலானோர் இதில்தான் வேலை செய்கிறோம். அதில் ஓட்டோ டக் என்று ஒரு வசதி உண்டு. இசைத் தடத்தைத் தெரிவுசெய்து, குரல் தடத்தை அதற்கு நேர் கீழே வைத்தால் போதும். குரல் தடத்தின் மட்டம் மைனஸ் 30 டெசிபலுக்கு மேலே போனால் யாரோ பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இசையை 12 டெசிபல் இறக்கிவிடும். அதாவது அலைவீச்சு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். குரல் அந்த மட்டத்துக்குக் கீழே வந்து ஒரு செக்கன் தாண்டினால், பேச்சு முடிந்தது என்று முடிவுகட்டி இசையைத் திரும்ப ஏற்றும். இந்த எண்களையெல்லாம் மாற்றலாம். நான் மாற்றவில்லை. பெட்டி திறந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே விட்டு, சரி என்று அழுத்தினேன்.

ஒரு செக்கன். ஒரு விளம்பரத்துக்கு அது போதும், சமையல் குறிப்புக்கும் போதும். நாவற்குழிப் பாலத்தில் நிற்கும் ஒருவருக்கு அது போதுமா என்று யந்திரம் கேட்காது. அதற்குத் தெரிந்தது மட்டம் மட்டுமே. மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கும் குரலும், எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்ட குரலும் அதற்கு ஒன்றுதான்.

இங்கே எங்களிடம் இருக்கும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. 'அடக்கி வாசி' என்று சொல்கிறோம். வாய்த்துடுக்கானவனுக்கும் சொல்வோம், அரசியல் கூட்டத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டவருக்கும் சொல்வோம். சொல் பிறந்த இடம் கச்சேரி மேடை. பாடகர் மெல்லிய இடத்துக்குப் போகும்போது மிருதங்கக்காரர் கையை அடக்குவார். அவர் அடக்குவது பாடகரின் சத்தம் கூடிவிட்டது என்பதற்காக அல்ல. பெரும்பாலும் சத்தம் குறையும்போதுதான் அவரும் குறைக்கிறார். யந்திரத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர்: குரல் உரத்தால் குனி, குரல் தணிந்தால் எழும்பு.

வயலினை இன்னும் நுட்பமான உதாரணமாகச் சொல்லலாம். ஆலாபனையில் பாடகர் நிறுத்துகிற இடத்தில் வயலின் வாளாவிருப்பதில்லை. அந்த இடைவெளியை அது நிரப்புகிறது. ஆனால் பாடகர் விட்டுப்போன பிடியின் வாலைப் பிடித்து, அதே சுரத்தில் நின்று, அடுத்த மூச்சுவரை அவருக்கு இடத்தைக் காத்து வைக்கிறது. ஆகவே மௌனத்தில் இசை வரவே கூடாது என்று நான் வாதாடவில்லை. என் வீணை எங்கிருந்து வந்தது? இலவச இசைக் களஞ்சியம் ஒன்றில் 'சோகம்' என்று பெயரிட்ட பிரிவிலிருந்து. அதை வாசித்தவருக்கு அந்த அம்மாவையும் தெரியாது, பாலத்தையும் தெரியாது. அவருடைய மௌனத்துக்குள் அந்த இசைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

கடந்த சில வருடங்களில் எங்கள் சமூகத்தில் செய்யப்பட்ட ஒலி ஆவணங்களை இந்தக் காதோடு திரும்பக் கேட்டேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை, என்னுடையதும் அந்த வரிசையில்தான். ரொறன்ரோவில் செய்தாலும் லண்டனில் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு புல்லாங்குழல், அல்லது தனி வயலின், அடியில் கீபோட்டின் நீண்ட இழுவை. பேச்சு நின்றதும் அது மேலே பொங்குகிறது. பேசியவர் இன்னும் அழத் தொடங்கவில்லை, இசை முந்திக்கொண்டு அழுகிறது. கேட்பவர் என்ன உணரவேண்டும் என்பதை அந்த ஒரு செக்கனில் அது தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறது. தமிழ்ப் படங்களின் பின்னணி இசை எங்களை இதற்குப் பழக்கியிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. சாவு வீட்டில் வயலின் இல்லாவிட்டால் எங்களுக்கு ஏதோ குறைகிறது.

இதே உத்தி நடன இசையில் வெளிப்படையாக, வெட்கமில்லாமல் பயன்படுகிறது. எரிக் பிரிட்ஸின் 'கோல் ஒன் மீ' (2004) கேட்டவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மேள அடிக்கும் மற்றெல்லாம் உள்ளே இழுபட்டு வெளியே வரும், பாட்டே மூச்சு விடுவது போலிருக்கும். அதை நான் ரசிக்கிறேன். அங்கே குனிதல்தான் நடனம். அதை அவர்கள் ஒளிக்கவில்லை. எங்கள் ஆவணங்களில் அது ஒளிந்திருந்து வேலை செய்கிறது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று யோசித்தபோது நான் திரும்பிப் போனது இந்த ஊர்க்காரர் ஒருவரிடம். ஃப்ரண்ட் வீதியில், சிபிசி கட்டடத்துக்கு வெளியே, வாங்கு ஒன்றில் குளிர்க்கோட்டும் தொப்பியுமாக ஒரு வெண்கல மனிதர் அமர்ந்திருக்கிறார். உல்லாசப் பயணிகள் பக்கத்தில் இருந்து படம் எடுப்பார்கள். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட். 1964 இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டவர். அங்கே அவர் செய்தவற்றில் பாஹ் மட்டும் இல்லை. 1967 இல், கனடாவின் நூற்றாண்டு வருடத்தில், 'வடக்கு என்ற எண்ணம்' என்று ஒரு மணிநேர வானொலி ஆவணம் ஒன்றைச் சிபிசிக்காகச் செய்தார். வடக்கில் வாழ்ந்த, வேலை செய்த ஐந்து பேரைத் தனித்தனியே பேட்டி கண்டு, அந்த நாடாக்களை வெட்டி ஒட்டி, ஒருவரையொருவர் எதிர்கொள்ளாத அந்த ஐந்து பேரையும் ஒரே ரயிலில் ஏற்றிவிட்டார்.

தொடக்கமே எங்கள் பாடப்புத்தக விதிகளை மீறுகிறது. மரியான் ஷ்ரோடர் என்ற தாதி பேசத் தொடங்குகிறார். சற்று நேரத்தில் இன்னொரு ஆணின் குரல் வந்து சேர்கிறது, பிறகு மூன்றாவது. முதல் குரல் நிற்பதில்லை. யாரும் யாருக்காகவும் முற்றாகக் குனிவதில்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் சற்று இறங்குகிறார், ஒரு சொல் மேலே வந்து தெரிகிறது, பிறகு அமிழ்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது தடவையில், கலியாண வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு மூன்று உரையாடல்களை ஒரே நேரத்தில் கேட்கும் என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். ஒவ்வொரு சொல்லும் கேட்டாக வேண்டும் என்பதில்லை என்றுதான் கூல்டும் வாதாடினார்.

ஆவணத்தின் பெரும்பகுதிக்கு அடியில் ரயிலின் ஓசை ஓடுகிறது. இது எழும்பிக் குனிகிற பின்னணியாகக் காதில் படுவதில்லை. தம்புரா மாதிரி. பேச்சு வரும், பேச்சு போகும், சுருதி அங்கேயே இருக்கும். யாராவது நிறுத்தினால் அந்த இடத்தில் ரயில் கேட்கிறது. அது அந்த மௌனத்துக்குள் புதிதாக வந்த ஓசை இல்லை. பேசும்போதும் அவர்களோடுதான் இருந்தது.

வழக்கமான இசை என்று சொல்லத்தக்கது கடைசியில்தான் வருகிறது. வோலி மக்ளீன் என்ற நில அளவையாளர் நீண்ட முடிவுரை போல ஒன்றைப் பேசுகிறார். கூல்ட் வின்னிபெக்கிலிருந்து சேர்ச்சிலுக்குப் போன ரயிலில் சந்தித்த மனிதர் அவர். அவருக்கு அடியில் சிபீலியஸின் ஐந்தாவது சிம்பொனியின் இறுதிப் பகுதி ஓடுகிறது. இங்கே இசை பணிவான பின்னணி இல்லை. அது தன் கட்டுமானத்தின்படி ஏறுகிறது, அவரும் தன் வாதத்தின்படி ஏறுகிறார். சில இடங்களில் அவரைக் கேட்கக் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிம்பொனி முடிவது, நடுவில் வெறுமை விட்டு விட்டு அடிக்கும் ஆறு தட்டுகளில். மௌனத்தையே எண்ணி எழுதிய இசை அது. இந்த இரண்டு தடங்களையும் எடுத்து ஓட்டோ டக்குக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மக்ளீன் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் இசைக்குழு பாய்ந்து வரும், அவர் வாய் திறந்ததும் ஓடி ஒளியும். அவருடைய மூச்சே சிம்பொனியின் இசை நடத்துநராகிவிடும். ஒரு மணிநேரமாகக் கட்டியெழுப்பிய முடிவு, வானொலி நிலையத்தின் வானிலை அறிவிப்புப் போல ஆகிவிடும்.

1967 இல் இதெல்லாம் கையால் செய்யப்பட்டது. மொனோ ஒலிப்பதிவு, நாடா, சவர அலகு, கட்டுப்பாட்டு மேசையில் விரல்கள். எந்தச் சொல் அமிழலாம், எந்தச் சொல் அமிழக் கூடாது என்பதை ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இருந்து தீர்மானித்திருக்கிறார். கூல்டின் தீர்மானங்கள் சில எனக்கு உடன்பாடில்லை. ஷ்ரோடரின் முதல் நிமிடம் அழகானது, அதை அவ்வளவு சீக்கிரம் மூழ்கடித்திருக்க வேண்டாம். ஆனால் சண்டை பிடிக்க அங்கே ஒரு ஆள் இருக்கிறார்.

அதைவிடப் பெரிய முறைப்பாடு ஒன்றும் உண்டு. வடக்கைப் பற்றிய அந்த ஒரு மணிநேரத்தில் பேசும் ஐவரில் ஒருவரும் இனுயிட் இல்லை. தாதி, சமூகவியலாளர், அரச அதிகாரி, ஆய்வாளர், அளவையாளர், எல்லாரும் தெற்கிலிருந்து போனவர்கள். அந்த மண்ணின் சனம் பேசப்படுகிறார்கள், பேசுவதில்லை. குரல்களைப் பின்னுவதில் அவ்வளவு நுணுக்கம் பார்த்த கூல்டுக்கு, நாடாவில் இல்லாத குரலைப் பற்றி அக்கறை வரவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஃப்ரண்ட் வீதிச் சிலையைக் கடக்கும்போது இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இல்லாத குரலைப் பற்றிப் பேசும்போது, இருந்தும் அமிழ்த்தப்பட்ட குரல் ஒன்றையும் சொல்லவேண்டும். 2009 இல் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி காலையிலிருந்து இரவுவரை ஓடியது. ஆங்கிலச் செய்திகளில் எப்போதாவது ஒரு தமிழ்ப் பெண் வருவார், ஒரு கூடாரத்துக்கு முன்னால் நின்று பேசுவார். இரண்டு சொல் தமிழில் கேட்கும். உடனே அவருடைய குரல் இறங்க, மேலே மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலக் குரல் ஏறும். கடைசிச் சொல்லுக்கு மட்டும் தமிழ் திரும்ப எழும்பும். இங்கே பிறந்த என் தங்கையின் பிள்ளைகளுக்கு மேல் குரல் மட்டும் போதுமாயிருந்தது. அம்மா தொலைக்காட்சியில் காதை வைக்காத குறையாக முன்னால் குனிந்து, "அந்த மனிசி என்ன சொல்லுறா எண்டு கேக்க விடுறான் இல்லை" என்று ஏசுவார். அடியில் கிடந்த தமிழில் அந்தப் பெண் யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அம்மா பிடித்தார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வரவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு வேறு செய்திகளைக் கேட்டோம்.

அந்தப் பன்னிரண்டு டெசிபலுக்குக் கீழே கிடந்து கேட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்தவன், தன் கையில் கருவி வந்ததும் எதையும் மாற்றாமல் சரி என்று அழுத்தியிருக்கிறேன்.

திருத்திய கதைக்கு வருகிறேன். முதலில் சோம்பேறித்தனமாக, அந்த ஒரு செக்கனை எட்டுச் செக்கன் ஆக்கிப் பார்த்தேன். பாலத்தடி சரியாகிவிட்டது. ஆனால் அவர் ஒரு கதையை உண்மையிலேயே முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடங்களில் வீணை எட்டுச் செக்கன் வாசலில் நின்று தயங்கியது. பிறகு ஓட்டோ டக்கை முற்றாக எடுத்துவிட்டு, இசையின் கோட்டை இடத்துக்கு இடம் கையாலேயே இழுத்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. அப்படிச் செய்துகொண்டு போகும்போது ஒவ்வொரு இடத்திலும் இசையை இறக்குகிறேனே தவிர ஏற்றுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கடைசியில் வீணை தொடக்கத்தில் அரை நிமிடமும் முடிவில் அரை நிமிடமும் என்று சுருங்கிவிட்டது.

அப்போது வேறொரு பிரச்சினை வந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்திக்கு அனுப்பினேன். பஸ்ஸில் கேட்டிருக்கிறாள். பாலத்தடியில் இணையம் நின்றுவிட்டது என்று நினைத்து, திரையைத் தட்டி, பின்னோக்கி ஓட்டி, திரும்பக் கேட்டாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது. கைபேசியில் வளர்ந்த காதுக்கு வெற்று மௌனம் என்பது கோளாறு. மேலும் என் மௌனம் உண்மையிலேயே வெற்றாகத்தான் இருந்தது. பதிவைச் சுத்தப்படுத்துகிறேன் என்று இரைச்சல் நீக்கியைப் போட்டு, அந்தச் சமையலறையின் ஓசை முழுவதையும் முன்பே துடைத்து எறிந்திருந்தேன். கூல்டின் ரயில் மாதிரி அடியில் ஓடியிருக்க வேண்டியதை நானே கொலை செய்திருக்கிறேன்.

மூலப் பதிவிலிருந்து திரும்பத் தொடங்கினேன். இப்போது அந்த ஐந்து செக்கனில் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் உறுமுகிறது. இரண்டாவது செக்கனில் அவருடைய காப்பு மேசையில் ஒருமுறை தட்டுகிறது. நாலாவதில் மூச்சு உள்ளே போகிறது. பேத்தி இந்தத் தடவை திரையைத் தட்டவில்லை என்றாள்.

அம்மாவுக்கும் மகள் போட்டுக் காட்டியிருக்கிறார். பாலத்தடி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, "உது எங்கடை ஃபிறிஜ் எல்லே?" என்று கேட்டாராம். பிறகு தொடர்ந்து போடச் சொல்லியிருக்கிறார். சாவகச்சேரியில் தங்கிய மாதங்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லையாம், வாற சனிக்கிழமை மைக்கைக் கொண்டு வரட்டாம்.